கடற்கரையில் மடங்கிய குடை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதம். நாங்கள் சென்னைப் பட்டணம் பார்க்கப் போயிருந்தோம். நாங்கள் என்றால் நானும் என் வீட்டுக்காரரும் எட்டு மாதக் கைக்குழந்தையும். இலங்கையில் கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் கணக்கப்பிள்ளை. எனக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாக இவள் பிறந்தபோது, பிழைத்துக் கிடந்தால் சமயபுரத்தில் மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். அதற்கு லீவு வாங்கவே அவர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் ஆபீஸ் வாசலில் மூன்று நாள் கைகட்டி நின்றார்.

எப்படியோ ரயிலேறி, கப்பலேறி, மறுபடி ரயிலேறி ஆத்தா சந்நிதியில் முடி இறக்கினோம். "இம்புட்டுத் தூரம் வந்துட்டோம், பட்டணத்தையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருவோம் புள்ள" என்று அவர்தான் ஆரம்பித்தார். எனக்கு மட்டும் ஆசை இல்லையா என்ன?

எழும்பூர்ப் பக்கம் ஒரு சத்திரத்தில் தங்கினோம். டிராம் வண்டியில் ஏறி இறங்கினோம். மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்றும், மிருகக்காட்சிச் சாலைக்கு உயிர் காலேஜ் என்றும் அந்த ஊர்க்காரர்கள் பெயர் வைத்திருந்தார்கள். இரண்டையும் பார்த்தோம். புலியைப் பார்த்து என் மகள் கெக்கெக்கென்று சிரித்தாள். நுவரெலியாக் குளிரிலேயே வளர்ந்த எனக்கு அந்த வெயிலில் கழுத்தெல்லாம் வேர்க்குரு. போகட்டும், பட்டணம் பார்க்க வந்தவள் வேர்க்குருவுக்கு அழலாமா என்று சுற்றினேன்.

குழந்தையை நினைத்துத்தான் பயம். மழித்த தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நல்லவேளையாக எங்கள் குடை கையோடு இருந்தது. மலை மழைக்கென்று வாங்கிய பெரிய கறுப்புக் குடை. அதை அவர் குழந்தையின் தலைக்கு மேல் பிடித்தபடியே வந்தார். தன் தலை பாதி வெளியே காய்ந்தாலும் அவருக்குக் கவலை இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஊருக்கு ரயில். அதற்கு முன்னால் கடற்கரையைப் பார்த்துவிட வேண்டும் என்று மூன்று மணி வெயிலிலேயே கிளம்பினோம். கப்பலில் கடலைத் தாண்டித்தான் வந்தோம். வாந்தி எடுத்துக்கொண்டே பார்த்ததெல்லாம் பார்த்ததாகுமா? கடற்கரையோர நடைபாதையில் நடந்தோம். காற்று அடித்தாலும் கல் கொதித்தது. என் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள்.

எதிரே ஒரு வெள்ளைக்காரர் வந்தார். வயதானவர், தலையில் தொப்பி, கூடவே ஒரு நாய். அவ்வளவுதான். படக்கென்று குடை மடங்கியது. என் வீட்டுக்காரர் மணலில் நின்றார். தலைத்துண்டு கக்கத்துக்குப் போயிருந்தது. நானும் பக்கத்தில் நின்றேன். என் பிள்ளையின் மொட்டைத் தலையில் நெருப்பாக வெயில் விழுந்தது. அவள் விழித்துக்கொண்டு வீறிட்டாள்.

எங்கள் தோட்டத்து வழக்கம் இது. துரை வரும் பாதையில் யாரும் குடை விரித்துப் போகக் கூடாது. மழை கொட்டினாலும் மடக்க வேண்டும். தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு, பாதையை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானில் இறங்கி, துரை கடந்து போகும் வரை நிற்க வேண்டும். சாணித் தண்ணீர் ஓடும் சாக்கடையாக இருந்தாலும் அதுதான் சட்டம். எந்தப் புத்தகத்தில் எழுதிய சட்டம் என்று யாரும் கேட்டதில்லை.

அந்த வெள்ளைக்காரரோ எங்களைப் பார்க்கக்கூட இல்லை. நாயோடு ஏதோ பேசிக்கொண்டே போய்விட்டார். மணலில் கூடையோடு உட்கார்ந்திருந்த சுண்டல்காரம்மாதான் எங்களைப் பார்த்தாள்.

"இன்னாய்யா, பச்சக் கொயந்தய வெயில்ல காயப் போட்டுக்கினு நிக்கிறே? அவன் ஆரு, உனக்கு மாமனா மச்சானா?"

பக்கத்தில் இரண்டு வாலிபர்கள் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக நின்றிருந்தார்கள். "சிலோன் கூலிங்கடா" என்று ஒருவன் சொல்ல, மற்றவன் சிரித்தான். சிரித்தவன் ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? கலெக்டர் வந்தால் இவன் முதுகு நிமிர்ந்தா நிற்கும்? ஆனால் அவர்களிடம் ஒரு வார்த்தை பேச எனக்கு வாய் வரவில்லை. அந்த ஆத்திரம் முழுவதும் கட்டினவர் மேல் திரும்பியது.

சத்திரத்துக்கு வந்து மூட்டை கட்டும்போதும் திட்டினேன். ரயில்வே ஸ்டேஷனுக்கு நடக்கும்போதும் திட்டினேன். சாமியிடம் மடிப்பிச்சை கேட்டு வாங்கின பிள்ளையை வெயிலில் போட்டு வாட்டிவிட்டு எவனுக்கோ மரியாதையா? சம்பளம் கொடுக்கிற துரை என்றாலும் ஒரு கணக்கு. இவன் யார்? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது உங்களுக்குத்தான் பொருந்தும் என்றெல்லாம் கேட்டேன். மனுஷன் குழந்தையின் தலையை ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தார். ரயில் வரும் நேரத்தில்தான் சொன்னார்.

"நீதான் புள்ள மொதல்ல மணல்ல எறங்குன. நீ எறங்குனதப் பாத்துத்தான் நான் மடக்குனேன்."

பொய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் யோசித்தேன். தூரத்தில் தொப்பியைக் கண்டதுமே என் கால் நடைபாதையை விட்டிருந்தது. யாரும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை, கால் தானாகப் போயிருந்தது. ரயிலில் உட்கார்ந்து சேலையை உதறினால் கரையெல்லாம் மணல். தனுஷ்கோடி வரைக்கும் அதை உதறிக்கொண்டே வந்தேன். கோபம் இப்போது யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

ஊருக்கு வந்த மறு மாதம் மழை பிடித்துக்கொண்டது. குழந்தைக்கு நெஞ்சில் சளி. கர் கர்ரென்று மூச்சு இழுத்தது. முதல் இரண்டையும் அந்தச் சத்தத்தில்தான் பறிகொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் குடையைப் பிடித்தபடி பக்கத்திலேயே வந்தார். பாதி வழியில் துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

என் கால் கானுக்குப் போகப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் மூன்று பேரும் அந்த மழையில்தான். அவர் கையைப் பார்த்தேன். குடை மடங்கவில்லை.

துரை வண்டியை நிறுத்தினார். அவருக்குத் தெரிந்த தமிழில், "கணக்கப்புள்ள, கொடை மடக்கு" என்றார்.

"மடக்க ஏலாதுங்க தொரை. புள்ளைக்கு நெஞ்சுல சளிங்க. நனைஞ்சா தாங்காது."

துரை குழந்தையைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். சேறு எங்கள் மூன்று பேர் மேலும் தெறித்தது. மறுநாள் காலை ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டில், இருநூறு பேர் பார்க்க, அவரை மேல் டிவிஷனுக்கு மாற்றியதாகச் சொன்னார்கள். எப்போதும் பனி மூடிக் கிடக்கும் இடம் அது. அடுத்த வருஷம் அவருக்கு வரவேண்டிய பெரிய கணக்கப்பிள்ளை வேலை வேறொருவருக்குப் போனது. வேலையை விட்டு நிறுத்தாததே துரையின் தயவு என்று பலர் எங்களுக்குப் புத்தி சொன்னார்கள். தயவாம்!

அந்தச் சளி பத்து நாளில் இறங்கியது. என் மகள் பிழைத்தாள். இன்று அவளுக்கே மூன்று பிள்ளைகள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். குடைக்கதையைக் கேட்பவர்களெல்லாம், "ஒங்க வீட்டுக்காரரு பெரிய தைரியசாலிங்க" என்கிறார்கள். எனக்குப் பெருமை இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. பெற்ற பிள்ளை மழையில் நனையாமல் ஒரு குடையைப் பிடிப்பதற்கு, எங்கள் மலையில் ஒரு தகப்பனுக்குத் தைரியம் வேண்டியிருந்ததே!