கைக்கு வந்த பிரேக்

யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டு "உட்காருங்க" என்று சொன்னால், சீட்டு அக்கா தன் கைப்பையை அதில் உட்கார வைப்பாள். சும்மா வீச மாட்டாள். பையின் வாரை மடித்து உள்ளே செருகி, அடிப்பக்கத்தைத் தட்டிச் சமன்செய்து, வீட்டுக்கு வந்த பெரிய மனுஷியை உட்கார வைக்கிற மரியாதையோடு வைப்பாள். பிறகு உடைக்கு மேலாகவே இடது முழங்காலை ஒரு தடவை தடவுவாள். அங்கே இரும்புப் பட்டையின் பூட்டு விழுந்திருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்ததும் நிமிர்ந்து நின்று, "ம், சொல்லுங்க" என்பாள். சொல்ல வந்தவர் பையைப் பார்ப்பதா அவளைப் பார்ப்பதா என்று விழிப்பார்.

கார், வேன், மோட்டார் சைக்கிள் என்று எது வந்தாலும் அதற்கு சீட்டு தைப்பது அவள் தொழில். அதனால் பட்டறைத் தெருவில் எல்லோருக்கும் அவள் சீட்டு அக்கா. குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சல் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புப் பட்டை கட்டியிருப்பாள். நிற்கும்போது முழங்காலில் பூட்ட வேண்டும், உட்காரும்போது திறக்க வேண்டும். வீட்டிலிருந்து கடைக்கு வர, பின்னால் இரண்டு குட்டிச் சக்கரம் சேர்த்த ஸ்கூட்டர் ஒன்று உண்டு. கால் சரியில்லாதவர் என்று நினைத்து யாராவது பேரம் பேசாமல் கேட்ட கூலியைக் கொடுத்தால், "ஏன், உங்களுக்குப் பேச வராதா?" என்று கேட்டு, அவரைப் பேரம் பேச வைத்துத்தான் அனுப்புவாள்.

அவள் கடைக்கு இரண்டு கதவு தள்ளி மெக்கானிக்கின் பட்டறை. பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பிப்பதில் அவன் கைக்குப் பேர் இருந்தது. கம்பெனியிலிருந்து எப்படி வெளியே வந்ததோ அப்படியே திரும்ப ஆக்க வேண்டும், ஒரு திருகாணியின் தலை கூட மாறக் கூடாது என்பது அவன் கட்சி. அந்தக் கட்சியில் அவன் ஒருவன்தான் தலைவனும் தொண்டனும் என்று சொல்லித் தெருவே சிரிக்கும். அதனால் அவனுக்கு ஒரிஜினல் என்று பட்டப்பெயர்.

ஒரு நாள் மத்தியானம், கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தபோது, அக்கா வந்து ஒரு துணி மூட்டையை அவன் முன்னால் வைத்தாள். அவிழ்த்துப் பார்த்தான். உள்ளே ஒரு பிரேக் மிதி, பளபளவென்று.  நான்கு மாதம் அலைந்து தேடி, முலாம் பூசி, அவனே மாட்டிய மிதி அது.

"அக்கா, இதை யாரு கழட்டினது?"

"நான்தான். ஸ்பானர் உங்களுக்கு மட்டும்தான் திரும்புமா?"

அந்த வண்டி அக்காவுடைய அப்பா ஓட்டியது. அவர் போன பிறகு அக்கா இருக்கிற பழைய வீட்டின் கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அவள் அண்ணன், பழைய வண்டிச் சங்கத்தில் சேர்ந்த கையோடு அதை மெக்கானிக்கிடம் ஒப்படைத்தார். முன்விளக்கு ஓர் ஊரிலிருந்து வந்தது, ஹாரன் இன்னோர் ஊரிலிருந்து. வண்டி புத்தம்புதுசாக நின்றபோது அண்ணன்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஆனால் அவருடைய அடுக்குமாடிக் குடியிருப்பில் நிறுத்த இடம் இல்லை. வண்டி மறுபடி அக்கா வீட்டுக் கொல்லைக்கே வந்தது. வாரக் கடைசியில் அண்ணன் வருவார், உறையை நீக்குவார், துடைப்பார், மூடுவார், போவார். ஸ்டார்ட் செய்தால் சூட்டில் புகைக்குழாயின் பளபளப்பு நீலம் பாயுமாம். அதனால் ஸ்டார்ட் செய்வதில்லை.

"இந்த மிதி எனக்கு வேண்டாம், தம்பி. பின் பிரேக்கைக் கைக்குக் கொண்டு வாங்க" என்றாள் அக்கா.

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. இன்றைய வண்டிகளைப் போல அல்ல அது. அதில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. கியரை அவள் போட்டுவிடுவாள். பிரேக்கைத்தான் மிதிக்க முடியாது.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அண்ணன் ஓட்டப் போறதில்ல. அவருக்கு எதுக்குத் தெரியணும்?"

"அக்கா, உங்களுக்கு ஸ்கூட்டர் இருக்கே..."

"நாலு சக்கரம் வச்ச ஸ்கூட்டர். நான் வண்டி கேக்கறேன், நீங்க தொட்டிலைக் காட்டறீங்க."

மெக்கானிக் மிதியைத் துணியில் திரும்பச் சுற்றினான். தன் கையால் செய்ததைத் தன் கையாலேயே கெடுப்பது எப்படி என்று புரியாமல், "அது அன்னிக்கு எப்படி இருந்ததோ அப்படி இருக்கணும், அக்கா. அதுக்குத்தான் இவ்வளவு பாடுபட்டது" என்றான்.

"அன்னிக்கு இருந்த மாதிரின்னா, அன்னிக்கும் என்னால இதை ஓட்ட முடியாது. அந்த நாளுக்கு நான் எதுக்குப் பாலிஷ் போடணும்?"

அவன் கார்புரேட்டரின் சின்ன ஊசியை எடுத்து ஊதினான். ஏற்கெனவே ஊதிச் சுத்தமாக இருந்த ஊசிதான் அது. அக்கா நகரவில்லை. "நீங்க பண்ணலைன்னா எதிர்த்த பட்டறைக்காரன் பண்ணுவான். அவன் துளை போடற லட்சணம் உங்களுக்கே தெரியும்" என்றாள். எதிர்த்த பட்டறைக்காரனின் துளையை நினைத்ததுமே அவன் எழுந்துவிட்டான்.

அடுத்த நாள் அக்கா வீட்டுக் கொல்லையில் வேலை நடந்தது. முன் பிரேக்கின் லீவரை எடுத்துவிட்டு, ஒரே இழுப்பில் இரண்டு கேபிளை இழுக்கிற லீவர் ஒன்றைப் பொருத்தினான். வலது கை பிடித்தால் இரண்டு சக்கரமும் நிற்கும். எல்லாம் வந்தது. கேபிளைத் தாங்க வண்டியின் இரும்புச் சட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் துளை போட வேண்டியிருந்தது. டிரில்லைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் நின்றான், நின்றுகொண்டே இருந்தான். இத்தனை வருஷத்தில் ஒரு பழைய வண்டியின் சட்டத்தில் அவன் துளை போட்டதில்லை.

"பல்லு பிடுங்கப் போற மாதிரி நிக்காதீங்க" என்று சொல்லி, அக்கா தன் பையிலிருந்து தையல் சாக்கட்டியை எடுத்தாள். சட்டத்தில் ஒரு சின்ன பெருக்கல் குறி போட்டாள். "தப்பா இருந்தா நான் போட்ட குறின்னு ஊருக்கே சொல்லுங்க."

அவன் கண்ணை மூடாத குறையாகப் போட்டான்.

சீட்டை அவளே பார்த்துக்கொண்டாள். ஸ்பிரிங்கைக் கட்டையாக்கி உயரத்தைக் குறைத்தாள். பிரேக் மிதி இருந்த இடத்தில், இடது பாதம் வழுக்காமல் இருக்கத் தோலில் ஒரு வளையம் தைத்துக் கால்தாங்கியோடு கட்டினாள். மூன்று வரிசைத் தையல். இழுத்துப் பார்த்த மெக்கானிக், "இதை அறுக்க யானை வேணும்" என்றான். வண்டியின் சாவியை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தான். அதன் பிறகு அவள் கேட்டு ஒரு தரம் எண்ணெய் மாற்றிக் கொடுத்தான். வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

பழைய வண்டிச் சங்கத்தின் அணிவகுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்தார்கள். அதன் ஏற்பாட்டில் அலைந்த அண்ணன்காரர் ஒரு மாதமாக வண்டியைத் துடைக்கக்கூட வரவில்லை. அன்று காலை அண்ணன்காரர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் சங்கத்தின் தொப்பியுமாகக் கொல்லைக்கு வந்தார். ஸ்டார்ட் செய்து கொடுக்க மெக்கானிக்கையும் வரச் சொல்லியிருந்தார். உறையை நீக்கியவர் அப்படியே நின்றார்.

"மிதி எங்க?"

மெக்கானிக் ஸ்பானர் பெட்டியைக் கீழே வைத்தான்.

"என்னப்பா ஒரிஜினல், மிதி எங்கன்னு கேக்கறேன். இந்தத் துளை என்ன? ஐயோ, சட்டத்துல துளை! யார் பண்ணின வேலை இது?"

"நான்தான் பண்ணச் சொன்னேன்" என்றாள் அக்கா. சமையலறைப் படியில், கதவு நிலையில் ஒரு கையை ஊன்றி நின்றிருந்தாள்.

"உனக்கு மூளை இருக்கா? அப்பா வண்டி இது! அவர் கை பட்ட வண்டி!"

"கைதானே பட்டது? இப்பவும் கைக்குத்தான் பிரேக் வச்சிருக்கேன்."

"விளையாடாதே. நீ இதுல உட்கார்ந்து என்ன பண்ணப் போற? விழுந்து இன்னொரு காலையும் உடைச்சுக்கிட்டு வருவ, நான் ஆஸ்பத்திரிக்கு அலையணும். அப்பா இருந்திருந்தா உன்னை இதைத் தொட விட்டிருப்பாரா?"

"விட்டிருக்க மாட்டார். அவர்கிட்டயும் இதே சண்டை போட்டிருப்பேன். அவர் தப்பிச்சார், நீங்க மாட்டினீங்க."

மெக்கானிக் சிரிப்பை அடக்க ஸ்பானர் பெட்டிக்குள் எதையோ தேடினான். அண்ணன்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போட்ட துளையை மூட முடியாது. அணிவகுப்பில் அவர் பேரும் வண்டியின் பேரும் கொடுத்தாயிற்று. கடைசியில் சங்கத்தின் நாடாவை எடுத்துப் புது லீவரை மறைத்துச் சுற்றிக் கட்டினார். பிரேக் இப்போது அதில்தான் என்று மெக்கானிக் சொன்னதை, ஊர்ந்து போகிற அணிவகுப்புக்கு பிரேக் எதற்கு என்று தள்ளிவிட்டார். "இன்னிக்கு இப்படியே போகட்டும். சாயந்திரம் வந்து பேசிக்கறேன். இனிமே வண்டி என்கிட்டத்தான் இருக்கும், ஷெட்டுக்கு எங்கயாவது வாடகை கொடுத்தாவது வச்சுக்கறேன்" என்றார்.

அக்கா முழங்கால் பூட்டைத் தடவினாள். வண்டி இன்று வாசலைத் தாண்டினால் அப்புறம் தன் கைக்கு வராது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதை மெக்கானிக் அவள் முகத்தில் பார்த்தான்.

வண்டி ஒரே உதையில் உயிர் பெற்றது. அண்ணன்காரர் ஏறினார். "வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக். அதுதான் இந்த வண்டியோட அழகே. இப்ப இருக்கற பசங்களுக்கு இது தெரியாது" என்று போகிற போக்கில் ஒரு வகுப்பும் எடுத்தார். வீட்டு வாசலைத் தாண்டித் தெருவில் திரும்பி, கம்பீரமாகத்தான் போனார். நாலு வீடு தள்ளி ஒரு கார் கேட்டுக்குள்ளிருந்து பின்பக்கமாக மெதுவாக வெளியே வந்தது.

வாய்க்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை. முப்பது வருஷமாக வேறு வண்டி ஓட்டிய வலது கால், பிரேக் என்று நினைத்துக் கியரை ஓங்கி மிதித்தது. அடுத்த கியர் விழுந்ததே தவிர வேகம் குறையவில்லை. கையால் பிடித்திருந்தால் வண்டி அங்கேயே நின்றிருக்கும். லீவரில் நாடா அல்லவா சுற்றியிருந்தது! அண்ணன்காரர் ஹாண்டிலை ஒடித்தார். எதிர்ப்பக்கம் வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் வண்டி முக்கால் சக்கரம் புதைந்து நின்றது. தொப்பி மட்டும் மணலின் உச்சி வரை ஏறிப் போயிருந்தது.

மெக்கானிக் ஓடினான். பின்னாலேயே டக், டக் என்று இரும்புப் பட்டையின் சத்தம் வந்தது.

"அடி பட்டுதா, அண்ணா?"

"இல்ல" என்றார் அவர், மணலைத் துப்பிக்கொண்டே.

"அப்ப நகருங்க."

"எதுக்கு?"

"அணிவகுப்புக்கு நேரமாகுது."

"உனக்கென்ன பைத்தியமா? விழுந்தா?"

"விழுந்தா விழறேன். உங்களுக்கு மணல் கிடைச்சது, எனக்குத் தார் ரோடு. அவ்வளவுதானே வித்தியாசம்?"

மெக்கானிக் வண்டியை இழுத்து வெளியே எடுத்து ஸ்டாண்டில் நிறுத்தினான். அக்கா லீவரில் சுற்றியிருந்த நாடாவைப் பிரித்து அண்ணன் கையில் கொடுத்தாள். எல்லோரும் ஏறுகிற இடது பக்கத்தை விட்டு வலது பக்கமாக வந்தாள். இருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, பூட்டைத் திறந்து, இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி டேங்குக்கு மேலாக அந்தப் பக்கம் இறக்கித் தோல் வளையத்துக்குள் பாதத்தை நுழைத்தாள். தூங்குகிற குழந்தையை இடம் மாற்றிப் படுக்க வைப்பது போல அவ்வளவு நிதானம். வலது காலால் உதைத்தாள். முதல் உதைக்கு இல்லை, இரண்டாவதற்கும் இல்லை. மூன்றாவதற்கு வண்டி மணலைத் தும்மிக்கொண்டு எழுந்தது.

"தள்ளி விடுங்க, தம்பி."

அவன் ஸ்டாண்டிலிருந்து தள்ளி விட்டான். வண்டி கிளம்பியதும் இப்படியும் அப்படியும் அலைந்தது. மணலில் மோதி ஹாண்டில் கோணியிருக்கும் என்று அவன் எண்ணினான். தெருமுனைக்குப் போவதற்குள் நேராகிவிட்டது.

"என்னப்பா பார்த்துக்கிட்டு நிக்கற? வண்டியை எடு!" என்று அண்ணன்காரர் வீட்டு வாசலுக்கு ஓடி, அங்கே நின்ற மெக்கானிக்கின் ஸ்கூட்டரில் பின்னால் தாவி ஏறினார். மணல் அப்பிய வெள்ளைச் சட்டையோடு அவனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு வழிநெடுக, "ஹாரன் அடி! அவளை நிக்கச் சொல்லு! ஐயோ, பஸ் வருது, நிக்கச் சொல்லாதே!" என்று மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டே வந்தார்.

நாற்சந்தியில் பஸ் ஒன்று குறுக்கே நின்றது. அக்கா முன்கூட்டியே கியரை இறக்கிவிட்டாள். கை லீவர் மெல்ல இறுகியது. வண்டி நிற்கிற நொடியில் அவள் உடம்பு முழுவதையும் வலது பக்கம் சாய்த்து, வலது காலைத் தரையில் ஊன்றினாள். மற்றவர்கள் எல்லாம் இடது பக்கம் சாய்ந்து நிற்கிற சாலையில் அவள் ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்து நின்றாள். பஸ் நகர்ந்தது. இஞ்சின் நிற்காமல் வண்டி கிளம்பியது. ஸ்கூட்டரில் இருந்த இருவருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

மைதானத்தில் சங்கத்தின் செயலாளர் வண்டியை ஒரு சுற்று சுற்றினார். சட்டத்தில் இருந்த துளைக்கு நேராகக் குனிந்தார். அதே வேகத்தில் நிமிர்ந்தார்.

"மன்னிக்கணும் மேடம். இது ஒரிஜினல் இல்ல. வரிசையில விட முடியாது."

"நான் ஒரிஜினல்தான். வண்டியை எனக்கு ஏத்த மாதிரி பண்ணியிருக்கேன்."

"விதின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"உங்க விதியில ஒருத்தர் இடது கால் எப்படி இருக்கணும்னு எழுதியிருக்கா?"

செயலாளர் அண்ணன்காரர் பக்கம் திரும்பினார். "சார், உங்க பேர்லதான் வண்டி பதிவாகியிருக்கு. நீங்களே சொல்லுங்க."

அண்ணன்காரர் தங்கையைப் பார்த்தார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இஞ்சினை நிறுத்தவும் இல்லை. அவர் தலையில் இருந்த மணலைத் தட்டினார்.

"நான் சொன்னா கேக்கறவளா இருந்தா இங்க வந்திருப்பாளா, சார்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "விடுங்க. இல்லைன்னா உங்க மேலயே ஏத்திட்டுப் போவா" என்றார்.

செயலாளர் விடவில்லை. அக்காவும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அணிவகுப்பு கிளம்பி, கடைசி வண்டியும் மைதானத்தின் வாசலைத் தாண்டிய பிறகு, வரிசையில் இல்லாத வண்டியாக அதன் வால்பக்கமாகப் போனாள். வரிசையில் இல்லாதவரைத் தெருவில் போகாதே என்று சொல்ல எந்த விதியும் இல்லை. நகரத்தைச் சுற்றி வந்தபோது, முன்னால் போன வண்டிகளில் மூன்று வழியில் படுத்துவிட்டன. இவள் அவற்றைத் தாண்டும்போது ஒவ்வொன்றுக்கும் ஹாரன் அடித்துவிட்டுப் போனாள். அது அண்ணன் தேடிக் கொண்டு வந்த ஹாரன். சத்தம் நன்றாகவே இருந்தது.

வண்டியை ஷெட்டுக்குக் கொண்டு போகும் பேச்சை அண்ணன்காரர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. வாரக் கடைசியில் துடைக்க வருவது மட்டும் நிற்கவில்லை. துளை இருக்கிற பக்கத்தை அவர் துடைப்பதில்லை என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

சில மாதம் கழித்து, கேபிளை இறுக்கிக் கொடுக்க மெக்கானிக் அந்தக் கொல்லைக்குப் போயிருந்தான். மதில் மேல் கையை வைத்து வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டம்மாள் சும்மா இருக்காமல், "அந்த ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி எங்க உயிரை வாங்கிட்டா உங்க அக்கா" என்றாள். தினமும் சாயந்திரம் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரம் அந்தரத்தில் சுற்ற, ஏறி உட்கார்ந்து கியரை மாற்றி மாற்றிப் போடுவாளாம். புகை இவர்கள் துணியெல்லாம் படியுமாம். தரையில் இறக்கி ஒரு தரமாவது ஓட்டிப் பாரேன் என்று இவள் சொல்லியும், வேளை வரட்டும் என்றாளாம். மணல் குவியலிலிருந்து எடுத்துக்கொண்டு போன அன்றுதான் அந்த வண்டியின் சக்கரம் அவளை ஏற்றிக்கொண்டு முதல் தடவையாகத் தரையில் உருண்டது.