அழுத்தக்காரி கிளெண்டா

கிளெண்டா ஓல்ட்ராய்டை எங்கள் நகராட்சி அலுவலகத்தில் அழுத்தக்காரி என்பார்கள். திட்டுவதற்குச் சொன்ன வார்த்தை. நான் அதைப் பாராட்டாகவே சொல்கிறேன்.

எங்கள் தொகுதி எம்.பி. ட்ரெவர் பிளைத் பொய் சொல்லி மாட்டிக்கொள்ள, நாடாளுமன்றம் அவரைச் சில வாரங்கள் வெளியே நிறுத்திவைத்தது. பிரிட்டனில் அப்படி நடந்தால் அவரைத் திரும்ப அழைக்கும் மனுவைத் தொகுதியில் திறந்துவைக்க வேண்டும். பத்தில் ஒரு வாக்காளர் கையெழுத்துப் போட்டால் பதவி காலி. அந்த மனுவை நடத்தும் அதிகாரி கிளெண்டா. நூலகத்தில் போட்ட மேசையில் அவருக்குத் துணையாக நான்.

மனு முடியும்வரை எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்று அவர் மூச்சு விடக் கூடாது. போடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ யாரிடமும் சொல்லக் கூடாது. ஆனால் அவருடைய கணவர் கிளிஃப், பிளைத்துக்காக மழையென்றும் பாராமல் வீடுவீடாகத் துண்டுப்பிரசுரம் போடுகிறவர். எண்ணிக்கை தினமும் வீட்டுக்குப் போகிறது என்று எதிர்த்தரப்புக்காரர்கள் ஊர் முழுக்கப் பேசினார்கள். அதை யாராவது நம்பிப் புகார் கொடுத்தால் வேலையும் போகும், வழக்கும் வரும். எனக்கு ரத்தம் கொதித்தது. கிளெண்டா தன்பாட்டுக்கு வாக்காளர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் மதியம் கிளிஃபே வந்து நின்றார், கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட. கிளெண்டா அவரிடம் பெயரும் முகவரியும் கேட்டார். தன் வீட்டு முகவரியை!

“காலைல என் கூடத்தானே டீ குடிச்ச?”

“பேரும் முகவரியும் சொல்லுங்க. போட்டோ அட்டையையும் காட்டுங்க.”

வீட்டில் கேட்டறியாத அந்த ‘ங்க’வில் மனிதர் அடங்கிப் போனார். படம் போட்ட பேருந்துப் பயண அட்டையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டு, பிளைத்தைக் காப்பாற்ற எங்கே போட வேண்டும் என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீடுவீடாகப் போட்ட துண்டுப்பிரசுரத்தைத் தானே படிக்காத மனிதர், ஆயுள் முழுக்க வாக்குச்சீட்டில் பிளைத்துக்குக் குறி போட்டுப் பழகியவர் இதையும் அப்படியே நினைத்து வந்திருக்கிறார். இந்த மனுவில் ஆதரவுக்குக் கட்டமே கிடையாது. பிளைத்தை ஆதரிக்கிறவர்கள் கையெழுத்துப் போடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிளெண்டாவின் கழுத்து சிவந்துவிட்டது. தாளில் அச்சிட்டிருந்ததை, எல்லோருக்கும் படிக்கும் அதே குரலில் படித்தார்: கீழே கையெழுத்திட்டால், உங்கள் உறுப்பினர் பதவி இழக்க வேண்டும் என்ற மனுவில் கையெழுத்திடுகிறீர்கள். மறுபடி படிக்கட்டுமா என்றும் கேட்டார். மனைவி படித்ததை எந்தக் கணவன் காதில் வாங்கினான்? வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டுத் தாளைப் பெட்டிக்குள் தள்ளினார்.

வாசலில் கட்சி நண்பர் யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். கிளிஃப் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“அதை எடுத்துக் கிழிச்சுப் போடு.”

“பெட்டிக்குள்ள போனது போனதுதாங்க.”

“தெரிஞ்சேதான விட்ட? போடாதேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொல்லக் கூடாதுங்க.”

கிளிஃப் வெளியே போனார். படியில் குடை பிடித்து நின்ற எதிர்த்தரப்பு ஆள் ஒருவன், இன்றைய எண்ணிக்கை கிடைத்ததா என்று இளித்தான்.

“எண்ணிக்கையா? கையெழுத்துப் போடாதேன்னுகூட என்கிட்ட சொல்லலடா அவ. எண்ணிக்கையச் சொல்லிருவாளா?”

அவர் போட்ட சத்தம் நூலகம் முழுக்கக் கேட்டது. வெளியே ஒருவரும் சிரிக்கவில்லை. கிளெண்டா தலையைத் தூக்காமல் அடுத்து நின்றவரிடம் பெயர் கேட்டார். குரல் மட்டும் கம்மியிருந்தது.