நூற்றுக்கு நூறு

சென்ற மாதம் சிதம்பரம் போவதற்காக, யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு கடைக்குக் காசு மாற்றப் போனேன். நூறு இந்திய ரூபாய்க்கு எங்கள் காசு முன்னூற்றுச் சொச்சம் என்றாள், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை. நான் பேரம் பேசவில்லை. நோட்டுகளை வாங்கி மூக்கருகே பிடித்தேன். கள்ளநோட்டோ என்று பார்க்கிறேன் என நினைத்தாளோ என்னவோ, சிரித்தாள். நான் தேடியது கருவாட்டு வாசனையை.

நான் முதன்முதல் தொட்ட இந்திய நோட்டுகள் அப்படித்தான் மணந்தன. அறுபத்தாறாம் ஆண்டு. நீர்வேலியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆவணியில் எனக்குக் கல்யாணம். அப்பா இல்லாததால் எல்லாவற்றுக்கும் சித்தப்பாதான். வாழைத்தோட்டக்காரர், ஒரு குலைக்குப் பத்துச் சதம் கூட்ட அரைமணி நேரம் நின்று கதைக்கக்கூடியவர். சித்தியும் அவரும் கப்பலில் இந்தியா போய்க் கூறைச்சேலை எடுப்பதென்று முடிவாயிற்று. எனக்கு அரக்கு நிறம், அகலச் சரிகை. பள்ளிக்கூடத்தில் மற்ற ரீச்சர்மாருக்கெல்லாம் சொல்லியும் விட்டேன்.

ஒரு சிக்கல். அந்த நாட்களில் அரசாங்கம் அனுமதித்த கொஞ்சக் காசோடுதான் போகலாம். மிச்சத்துக்கு ஊரில் எல்லோரும் நாடியது வல்வெட்டித்துறையில் ஒரு தண்டையலை. வத்தை என்ற தன் பெரிய வள்ளத்தை ஓட்டி, எதிரே இந்தியக் கரையில் இருக்கும் வேதாரணியத்துக்குப் போய்வருகிறவர். வத்தையில் என்ன போயிற்று, என்ன வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் கருவாடு என்பார்.

இந்திய ரூபாயும் எங்கள் ரூபாயும் அப்போது ஒரே மதிப்பு. நானே கரும்பலகையில் அப்படித்தான் எழுதுவேன். தண்டையல் மட்டும் நூறு இந்திய ரூபாய்க்கு நூற்றைந்து கேட்டார். சித்தப்பா பேரம் பேச ஒரு கிழமை முழுக்கப் பஸ்ஸில் அலைந்தார். தண்டையல் கடைசியில் களைத்துப்போய், “சரி அண்ணை, நூற்றுக்கு நூறு. எண்ணூறு ரூவா எடுத்து வைக்கிறன், நாளைக்கு வாங்கோ” என்றார். கையில் கையடித்துப் பேரத்தை முடித்துவிட்டு வந்த சித்தப்பா அன்று இரண்டு தரம் சோறு கேட்டார்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு வானொலி சொன்னது: இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டது. சுண்ணக்கட்டியை எடுத்துக் குசினி நிலத்திலேயே கணக்குப் போட்டேன். எங்கள் நூறு, அவர்களின் நூற்றைம்பத்தேழு! அரக்குச் சேலையோடு இன்னும் இரண்டு சேலை என் கண்ணுக்குமுன் விரிந்தன.

“சித்தப்பா, அந்தாளிட்டைப் போகாதேங்கோ. இனி ஐந்நூற்றுச் சொச்சத்துக்கே எண்ணூறு கிடைக்கும்.”

சித்தப்பா நிலத்தில் இருந்த கணக்கை நெடுநேரம் பார்த்தார். “கணக்குச் சரி பிள்ளை,” என்றார். “ஆனால் நான் கையடிச்சுப்போட்டன். வெளிக்கிடு, நீயும் வா.”

பஸ்ஸில் இருந்தபடி, போய்விட்ட இரண்டு சேலைகளுக்கும் துக்கம் கொண்டாடினேன்.

தண்டையல் வீட்டு வாசலில் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பினார். “நீங்கள் வரமாட்டியள் எண்டெல்லோ நினைச்சன்!”

“ஏன் காணும் வராமல்? இந்தாரும் எண்ணூறு.”

“விசரே உங்களுக்கு? நியூஸ் கேக்கேல்லையே? ஐந்நூறு தந்தால் போதும்.”

“நேற்று என்ன கதைச்சது?”

“நேற்று நேற்று. என்ரை நட்டத்தை உங்கடை தலையிலை கட்டினால் எனக்குக் கடல் சரிவருமே?”

அதன்பின் நடந்ததுபோல் ஒரு பேரத்தை நான் பிறகு கண்டதில்லை. வாங்குகிறவர் விலையை ஏற்றுகிறார், விற்கிறவர் இறக்குகிறார். முதல் கிழமை போட்ட சத்தத்தைவிட இது பெரிய சத்தம். அயலட்டைச் சனம் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்தது. “எழுநூற்றைம்பதுக்குக் கீழை ஒரு சதம் குறைக்கமாட்டன்!” என்று சித்தப்பா, “ஐந்நூற்றைம்பதுக்கு மேலை ஒரு சதம் தொடமாட்டன்!” என்று தண்டையல். கடைசியில் தண்டையலின் மனைவி வெளியே வந்து, “ரெண்டுக்கும் நடுவிலை எவ்வளவு, ரீச்சர்?” என்று என்னைக் கேட்டார்.

“அறுநூற்றைம்பது,” என்றேன். என் கணக்கு உத்தியோகத்தில் அதைவிட உருப்படியான விடை நான் சொன்னதில்லை.

அங்கேயே மீன்குழம்போடு சாப்பிட்டோம். அந்த இருவருக்கும் முன்னால் சேலைக் கணக்குப் போட்டதை நினைத்து எனக்கு வந்த வெட்கமும் எப்படியோ கரைந்துவிட்டது. அரக்குக் கூறை வந்தது. மிஞ்சிய நூற்றைம்பதில் சித்தப்பா எனக்கு ஒரு கைமணிக்கூடு வாங்கித் தந்தார். கல்யாணத்துக்குத் தண்டையல் குடும்பமாக வந்து, பந்தியில் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து, வாழைக்காய்ப் பொரியலை மூன்று தரம் வாங்கினார்.

எழுபதுகளின் கடைசியில் காற்று மாறியது. எங்கள் ரூபாய் இளைத்து, இந்திய நூறுக்கு நூற்றெழுபது, நூற்றெண்பது என்று போயிற்று. வத்தை ஓடாத நாட்களிலும் தண்டையல் நீர்வேலிக்கு வருவார்.

“இப்ப என்ன விலை காணும்?”

“உங்களுக்கு நூற்றுக்கு நூறுதான் அண்ணை.”

“உது சரிவராது. நூற்றெண்பது.”

“நூற்றுப்பத்து!”

இருவரிடமும் மாற்றக் காசு இருக்காது. தேத்தண்ணி ஆறும்வரை சத்தம் போட்டுவிட்டு, தண்டையல் ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு பஸ் ஏறுவார்.

பிறகு யுத்தம் வந்தது, கடலை மூடினார்கள். கப்பல் நின்றது, வத்தைகள் கரையில் கிடந்து உக்கின. சித்தப்பாவும் தண்டையலும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். போன வருடம் வல்வெட்டித்துறைக் கரையில் பந்தடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம், வேதாரணியம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். ஒருவன் யோசித்துவிட்டு, “உது எந்தப் பஸ், அம்மம்மா?” என்றான்.