மிளகு மூட்டைக்குள் பிரஷர் மாத்திரை

"சிஸ்டர், எங்க மிளகு மூட்டைக்குள்ள உங்க மாத்திரை கெடக்குதுங்க. யாவாரி சண்டைக்கு நிக்கறாருங்க."

வாழவந்தி நாடு என்ற மலைக்கிராமத்திலிருந்து பாப்பாத்தி அக்கா போனில் இப்படிச் சொன்னபோது நான் சப் சென்டரில் ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போட்டு முடித்திருந்தேன். கொல்லிமலையில் இருபது வருஷத்துக்கு மேல் கிராம நர்ஸாக இருந்து போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் பி.பி. பற்றி ஏதாவது கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

1. நூத்தி எம்பது மரியாதை

பாப்பாத்தி அக்காவின் வீட்டுக்காரர் பொன்னுசாமி அண்ணன். வயது ஐம்பத்தெட்டு. முதல் தடவை கையில் பி.பி. பட்டை கட்டிப் பார்த்தபோது 180/110. மறுநாளும் அதேதான். அவர் நம்பவில்லை.

"தலவலி இல்ல, கிறுகிறுப்பு இல்ல. ஏணி வெச்சு மரமேறி மிளகு பறிக்கறனுங்க. எனக்கேதுங்க பிரஷரு?"

"அது சொல்லிட்டு வராதுங்கண்ணா. வெளிய ஒண்ணும் தெரியாது. உள்ள இருதயத்தையும் மூளையையும் கெடுத்துட்டு இருக்கும்."

டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் உள்ளவர்களிடம் உப்பைக் குறைங்க, ஊறுகாய், கருவாடு வேண்டாம், அவரைக் கோபப்படுத்தாதீங்க என்றேன். கடைசியில் சொன்னதுதான் வினையாகிவிட்டது.

அடுத்த மாதம் போனால் வீடே மாறியிருந்தது. அவர் பேசினால் மறுபேச்சு கிடையாது. மகன் டிவி ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்கிறான். பல வருஷமாக வரப்புத் தகராறு பண்ணிக்கொண்டிருந்த மச்சான் தானாகவே ஒரு முழம் விட்டுக்கொடுத்துவிட்டார். "நூத்தி எம்பதுங்க! அவருகிட்ட வாய் குடுக்காதீங்க" என்று ஊரே பேசியது.

அன்று அளந்தால் 136/84. நான் சந்தோஷமாகச் சொன்னேன். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"மெதுவாச் சொல்லுங்க சிஸ்டர். மச்சான் காதுல விழப் போகுது."

அதற்கடுத்த மாதம் 176. பிறகு 190. டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்த்தார். அண்ணன் காலி மாத்திரை அட்டைகளை ஒழுங்காக எடுத்துக் காட்டுவார். நானும் ரெஜிஸ்டரில் டிக் அடித்துக்கொண்டே வந்தேன்.

2. வெள்ளை மிளகு

பாப்பாத்தி அக்காவின் அந்த போன் வந்ததும் ஓடினேன். அடிவாரத்திலிருந்து வந்த மிளகு வியாபாரி பாய், மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வெள்ளை மிளகாக்கும்னு ஒண்ணைக் கடிச்சுப் பாத்தனுங்க. கசந்துச்சு, துப்பிட்டேன். எங்கம்மா போடற அதே மாத்திரைங்க. மிளகுல பப்பாளி வெதை கலந்து பாத்திருக்கேன். பிரஷர் மாத்திரை கலந்து இன்னைக்குத்தான் பாக்கறேன்."

பொறுக்கியதில் ஒரு டம்ளர் நிறைந்தது. அண்ணன் ஒப்புக்கொண்டார். தினமும் அட்டையிலிருந்து பிதுக்கி மூட்டைக்குள் போட்டிருக்கிறார். பிற்பாடு எடுத்து வீசிவிடலாம் என்று நினைப்பு. அதற்குள் மகன் மூட்டையைத் தைத்துவிட்டான்.

"ஏங்கண்ணா இப்படி?"

"கொறைஞ்சா எவன் மதிக்கறான்? நூத்தி முப்பத்தாறுன்னு தெரிஞ்ச மறுநாளே மச்சான் வரப்ப வந்து எட்டிப் பாக்கறானுங்க."

நானும் பாயும் சிரித்துவிட்டோம். அண்ணன் சிரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? காலைல ஏணியில நிக்கயில வலது கை தொப்புன்னு விழுந்துருச்சு. வாய் கோணி, பேச்சே வரலீங்க. கால் மணி நேரத்துல சரியாப் போச்சு. அதுவும் மாத்திரை போடாததுனாலயாங்க?"

சரியாகிவிட்டதே என்று இருக்கக் கூடாது. அது பக்கவாதம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போன அறிகுறி. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். பாய் வேனிலிருந்த மூட்டைகளை இறக்கிப் போட்டு, அண்ணனை ஏற்றினார்.

மலையிறங்க எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அண்ணன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். பாய் கண்ணாடியில் பார்த்தபடி, "கை இருக்குதுங்களா?" என்பார். "இருக்குதுங்க பாய்." எழுபது தடவையும் கேட்டார். எழுபது தடவையும் நான் சாமியைக் கும்பிட்டேன்.

கீழே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டர், "மூளைக்குப் போற ரத்தக்குழாய் கொஞ்ச நேரம் அடைச்சுட்டு விட்டிருக்கு. அடுத்த தடவை விடாது" என்றார்.

3. சீட்டு

வீடு திரும்பியவரிடம் பேரம் பேசினேன். "கொறைஞ்சது மாத்திரையாலதாங்கண்ணா. நிறுத்துனா ஏறிக்கும். நீங்க ஒழுங்காப் போடுங்க. கொறைஞ்சாலும் மரியாதை கொறையாம நான் பாத்துக்கறேன்."

"வாய்ல சொன்னாச் செல்லாதுங்க. எழுதிக் குடுங்க."

"இவருக்கு 130 இருந்தாலும் 180-க்கு உண்டான மரியாதை தரவும்" என்று எழுதிக் கொடுத்தேன். சீல் கேட்டார், அது மட்டும் முடியாது என்றுவிட்டேன். லேமினேட் பண்ணிச் சுவரில் மாட்டிவிட்டு, என் கண்ணெதிரிலேயே மாத்திரையை விழுங்கினார்.

கிளம்பும்போது பாப்பாத்தி அக்கா வாசல் வரை வந்தார்.

"சிஸ்டர், எனக்கும் அப்படியொரு சீட்டு குடுங்க."

"உங்களுக்கு எதுக்குங்கக்கா?"

"இத்தன வருசமா பேச்சு வாங்கறவ நான்தானுங்களே."

விளையாட்டாகத்தான் உட்கார வைத்துப் பட்டையைக் கட்டினேன். 194/112. மெஷின் கெட்டுவிட்டதோ என்று ஐந்து நிமிஷம் பொறுத்து மறுபடி பார்த்தேன். 190.

ஏழு மாதமாக அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அக்கா போட்ட டீயைக் குடித்தேன். அவர் கையைப் பிடித்து ஒரு தடவைகூட அளந்ததில்லை.

அதனால் பிள்ளைகளே, காலி அட்டையை நம்பி டிக் அடிக்காதீர்கள். சத்தம் போடுகிறவரை மட்டும் அளந்துவிட்டுத் திரும்பாதீர்கள். உங்களுக்கு டீ டம்ளரை நீட்டுகிற கையிலும் பட்டையைக் கட்டுங்கள்.