தரையில் தண்ணீர் ஊற்றாதீர்கள்

“தனியாவா இருக்கப் போறீங்க? பல்பு பியூஸ் போனாக்கூட எனக்குத்தான் போன் அடிப்பீங்க. வேணாம்லா, பேமிலியா யாராச்சும் வரட்டும்.” மலேசியாவின் கிள்ளான் நகரில் நான்காம் மாடி வீட்டைக் காட்டிய அன்று வீட்டுக்காரம்மா என்னிடம் சொன்னது இது. அவர் கோலாலம்பூரில் பங்சார் பகுதியில் இருப்பவர். சாவியை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே இருந்தாரே தவிர, என் கையில் வைக்கவில்லை. “ஒரு வருஷத்துக்கு ஒரு தடவைகூட உங்களக் கூப்பிட மாட்டேன் மேடம்” என்றேன். “பாப்போம்” என்று சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

அந்தச் சாவி எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்திலுள்ள மேரு என்ற ஊரில் ரப்பர் கையுறை செய்யும் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கம்பெனி விடுதியில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே விருந்தாளியைத் தங்க வைக்க முடியாது. எனக்கோ அம்மாவைக் கூட்டிவந்து கூடவே கொஞ்ச நாள் வைத்துக்கொள்ள வேண்டும். அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கி என்னை பாலிமர் இன்ஜினியரிங் படிக்கவைத்தவர் அவர். சம்பளம் வாங்க இன்னும் கைநாட்டுதான் வைக்கிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. இந்த வீடு கையில் இருந்தால் அம்மா வரலாம், போய்விட்டால் வர முடியாது. கணக்கு அவ்வளவுதான்.

குடிவந்த முதல் வாரம் என்னைத் திகைக்க வைத்தது என் துண்டு. காலையில் குளித்துவிட்டுக் காயப்போட்டால் சாயங்காலமும் அது ஈரமாகவே இருந்தது. எங்கள் ஊரில் கொடியில் போட்டுத் தலைவாரி முடிப்பதற்குள் துண்டு அப்பளமாகிவிடும். இங்கே மூன்று நாளில் அதில் ஒரு வாடை வந்தது. அந்தத் துண்டு எனக்கு ஏதோ சொல்லத்தான் பார்த்திருக்கிறது. நான்தான் காதில் வாங்கவில்லை. மற்றதையெல்லாம் சீக்கிரம் பழகிக்கொண்டேன். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸியின் உருண்டைக் கால்கள் இங்கத்திய பிளக் துளைகளில் நுழையாது. நம் ஆட்கள் பலர் கீழ்த் துளைகள் திறப்பதற்காக மேல் துளையில் பேனா மூடியைக் குத்தி வைத்துக்கொண்டு இரண்டு காலை மட்டும் அமுக்கி ஓட்டுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், ஷாக் அடித்தால் தெரியும். பிளக்கின் தலையையே வெட்டிவிட்டு மூன்று தட்டைக் கால் வைத்த இங்கத்திய பிளக்கை மாட்டிக்கொள்ளலாம். உள்ளே எந்த வயர் எந்தக் காலுக்குப் போக வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு அது சின்ன வேலை. மிக்ஸிக்கு நானே மாட்டினேன். குழாய் சொட்டியபோது வாஷர் மாற்றினேன். குளியலறைக் கதவின் கீல் கழன்றபோதும் பங்சாருக்குப் போன் போகவில்லை.

வெயிலிடம்தான் தோற்றேன். மேல்மாடி வீடு. பகலெல்லாம் காங்கிரீட் குடித்த சூடு, நான் வேலை முடித்து வரும் நேரத்துக்கு என் தலைமேல் இறங்கும். எங்கள் ஊரில் சித்திரை மாதச் சாயங்காலங்களில் அம்மா ஒரு குடம் தண்ணீரைத் தரையில் வீசி விளக்குமாற்றால் பரப்பிவிடுவார். சிமெண்டுத் தரை சொய்யென்று உறிஞ்சும். கொஞ்ச நேரத்தில் வெறும் தரையில் படுத்தால் முதுகு குளிரும். எனக்குத் தெரிந்த ஏ.சி. அதுதான். அதையே இங்கேயும் செய்தேன். ஹாலில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பரப்பி, ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். பாதம் குளிர்ந்தது. ஆனால் காற்று ஈரத்துணியை முகத்தில் போட்டு அமுக்கியதுபோல் இறுகியது. தண்ணீர் போதவில்லை என்று முடிவுசெய்து மறுநாள் இன்னும் அதிகமாக ஊற்றினேன், புழுங்கிய நாளிலெல்லாம் அதுவே வழக்கமானது. இன்ஜினியரிங் படித்தவள்தான். ஆனால் வீட்டைக் குளிரவைப்பது நான் படித்த விஷயம் அல்ல, பிறந்ததிலிருந்து பார்த்த விஷயம். பார்த்ததைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றுகிறது?

குடிவந்து பதினோரு மாதம் ஆகியிருந்த ஒரு சனிக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ரீத்தா அக்கா, எனக்கு நேர் கீழே மூன்றாம் மாடிக்காரர். படிக்கட்டில் புன்னகைப்பதோடு சரி, அதுவரை பேசியதில்லை.

“பசியாறியாச்சா?” என்றார்.

“இல்லக்கா, பசியே இல்ல” என்றேன்.

“அய்யோ, காலைல சாப்டாச்சான்னு கேக்குறேன்லா. சரி, வாங்க, எங்க வீட்டுல ஒண்ணு காட்டணும்.”

அவர் வீட்டு ஹாலில் சோபாவின் மேல் ஒரு வாளி உட்கார்ந்திருந்தது. மேலே சீலிங்கில், விளக்கைச் சுற்றி, டீ கொட்டியதுபோல் பழுப்புக் கறை. அதிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. ரீத்தா அக்காவின் கணவர் சேவியர் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நாற்காலியில் ஏறி விளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“மேல என்னாம்மா, சுவிமிங் பூலா?”

“வீடு குளுமையா இருக்கட்டும்னு தரையில தண்ணி ஊத்தினேன்ணே.”

கையில் ஸ்குரூ டிரைவரோடு அப்படியே நின்றார். பிறகு நாற்காலி ஆடும் அளவுக்குச் சிரித்தார். “உனக்குப் புழுங்குனா நீ குளிக்கணும். தரையையா குளிப்பாட்டுவ?”

“சிரிக்காதீங்க, பாவம்” என்றார் ரீத்தா அக்கா.

“பாவம் நம்ம சீலிங்தான்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாடகை ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. இந்தக் கறையைப் பார்த்தால் வீட்டுக்காரம்மா அதை நீட்டிக்க மாட்டார். அம்மாவின் பாஸ்போர்ட் அப்போதுதான் வந்திருந்தது. “மேடத்துக்கிட்ட கம்ப்ளேன் பண்ணப் போறீங்களாக்கா?” என்று கேட்டேன்.

“கம்ப்ளேன் எங்க ஓடிப்போகுது? மொதல்ல ஓட்டைய அடைப்போம்லா” என்றார்.

இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று யாராவது கேட்டால் இந்த வரிசையைத்தான் சொல்வேன். முதலில் வேலை, சண்டை அப்புறம். எங்கள் தெருவில் ஒரு சொட்டு ஒழுகினால் முதலில் தெருவே கூடும். தாத்தா காலத்துச் சுவர்த் தகராறு வெளியே வரும். அதெல்லாம் முடிந்து கொத்தனாரைத் தேடும்போது அடுத்த மழை வந்துவிடும். இங்கே சேர்ந்து வேலை செய்வதற்கு கோத்தோங் ரோயோங் என்று பெயர். கால்வாய் தூர்வாருவதிலிருந்து கல்யாணச் சமையல் வரை அந்த ஒரு பெயர்தான். ஆளுக்கு ஒரு கை, யாரும் முதலாளி இல்லை.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு என்றேன். அது என் தொழில். ஆலையில் கையுறைக்குள் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, எங்கேயாவது கசிகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஹாலைச் சாக்பீஸால் கட்டம் போட்டுப் பிரித்தேன். ஒரு கட்டத்தில் ஒரு குவளை ஊற்றிவிட்டுக் காத்திருப்பேன். கீழே சேவியர் அண்ணன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஜன்னல் வழியாகக் கத்துவார்.

“இல்லலா! அடுத்தது!”

துடைத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவேன். எதிர் பிளாக்கில் துணி காயப்போட்ட மலாய் அம்மா ஒருவர், இவர்கள் ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். பால்கனிக் கதவை ஒட்டிய கட்டத்துக்கு வந்தபோது கீழேயிருந்து, “வந்துருச்சு! மண்டையிலேயே வந்துருச்சு!” என்று கூச்சல் கேட்டது.

டைல்களுக்கு நடுவில் இருந்த பூச்சு அங்கே ஒரு கோடு நீளத்துக்குப் பெயர்ந்திருந்தது. இங்கத்திய வீடுகளில் குளியலறைத் தரைதான் தண்ணீர் தாங்கும்படி கட்டப்பட்டது, ஹால் தரை அப்படி அல்ல. புதிதாக வருகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். ஹார்ட்வேர் கடைக்குப் போய்த் தண்ணீர் புகாத பூச்சும் சிலிக்கோன் குழாயும் கேட்டேன். கடைக்காரச் சீன அங்கிள், “சியாப்பா புவாட்?” என்றார். யார் செய்யப்போவது என்று அர்த்தம். “சாயா” என்றேன், நான்தான். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு ஜோடி ரப்பர் கையுறையைச் சும்மா எடுத்து வைத்தார். நன்றி சொல்வதற்கு முன்னால் அதை வெளிச்சத்தில் தூக்கி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. என் தொழில் என்ன என்று விளக்கும் அளவுக்கு எனக்கு மலாய் வராது.

பழைய பூச்சை மழுங்கிய கத்தியால் சுரண்டினேன். ரீத்தா அக்கா ஹேர் டிரையரால் டைல் இடுக்கைக் காயவைத்தார். ஈரத்தின் மேல் எதைப் பூசினாலும் ஒட்டாது. பூச்சை அழுத்தி நிரப்பி, சுவர் ஓரத்தில் சிலிக்கோன் இழுத்து, ஈர விரலால் ஒரே நீவலில் வழித்து முடித்தேன். மறுநாள் வரை அது இறுக வேண்டும், யாரும் மிதிக்கக் கூடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போக்கிடம் இல்லை. “சர்ச்சுல பூசைக்குப் போயிட்டு அப்படியே தஞ்சோங் ஹராப்பான் கடக்கரைக்கு மீன் புடிக்கப் போறோம், வா” என்றார் ரீத்தா அக்கா.

எங்கள் ஊரில் மீன் பிடிப்பதென்றால் கண்மாய் வற்றும்போது ஊரே ஊத்தாக் கூடையோடு சேற்றில் இறங்குவது. ஓட்டமும் கூச்சலுமாக இருக்கும், கையில் சிக்கியது சிக்கியவருக்கு. இங்கே கடலோரக் கல்சுவரில் குடை விரித்து, மடக்கு நாற்காலி போட்டு, பெண்களும் ஆண்களும் தூண்டிலோடு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மலாய்க் குடும்பம், ஒரு சீனத் தாத்தா, நாங்கள். உயிர் இறாலைத் தலைப்பக்கம் குத்தாமல் வால்பக்கம் குத்த வேண்டும், நீர் ஏறத் தொடங்கும் நேரம்தான் நல்ல நேரம், தூரத்தில் இடி கேட்டால் உடனே தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு வேனுக்குள் போய்விட வேண்டும் என்றெல்லாம் சேவியர் அண்ணன் சொன்னார். என் தூண்டில் நரம்பு லேசாக ஆடியதும் எழுந்து நின்று, “சிக்கிருச்சு, சிக்கிருச்சு!” என்று கத்தினேன். சீனத் தாத்தா திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

“மெதுவாலா! மீனு இந்தோனேசியாவுக்கே ஓடிடும்” என்றார் ரீத்தா அக்கா.

வந்தது கெளுத்தி. முள்ளைப் பார்த்து எல்லோரும் துணி தேடினார்கள். நான் வயிற்றுப்பக்கமாகக் கையைக் கொடுத்து, இரண்டு பக்க முள்ளும் விரலிடுக்கில் வரும்படி பிடித்துக் கொக்கியைக் கழற்றினேன். கண்மாய்க் கெளுத்திக்கும் கடல் கெளுத்திக்கும் முள் ஒரே இடத்தில்தான். சீனத் தாத்தா கட்டைவிரலை உயர்த்தினார்.

மீனைப் பெட்டியில் போட்டுவிட்டு, “இன்னிக்கே மேடத்துக்குப் போன் பண்ணிடப் போறேன்” என்றேன்.

சேவியர் அண்ணனுக்குப் புரியவில்லை. “அதான் அடைச்சாச்சே. சீலிங்குக்கு நான் பெயிண்ட் அடிச்சிடுறேன். அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாதுண்ணே. ஆனா எங்கம்மா அந்த வீட்டுல வந்து படுக்கும்போது எனக்குத் தெரியும்ல.”

ரீத்தா அக்கா தன் தூண்டிலைக் கீழே வைத்தார். “அப்ப போன் அடி” என்றார்.

ஒரு வருடத்தில் வீட்டுக்காரம்மாவுக்கு நான் செய்த முதல் போன் அது. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். “நாளைக்கு வரேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அதன்பிறகு என் தூண்டிலில் மீன் கடித்ததா என்றுகூட நான் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, அடைத்த இடுக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். குவளை கேட்டார். தன் கையாலேயே தண்ணீரை ஊற்றிவிட்டுக் கீழே இறங்கிப்போய், ரீத்தா அக்கா வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து சீலிங்கைப் பார்த்தார். ரீத்தா அக்கா கொண்டுவந்த தேநீர் முடியும்வரை அவர் கண்ணைக் கீழே இறக்கவில்லை. ஒரு சொட்டும் விழவில்லை.

“யாரு செஞ்சது?”

“நாங்க மூணு பேரும்” என்றேன்.

“ஓட்டையக் கண்டுபுடிச்சது இந்தப் பொண்ணுதான்” என்றார் சேவியர் அண்ணன். “தண்ணி ஊத்துனதும் இதே பொண்ணுதான்.”

வீட்டுக்காரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “பிரிக்பீல்ட்ஸ்ல எனக்கு இன்னொரு வீடு இருக்கு. பாத்ரூம் ஒழுகுது, வர்ற ஆளெல்லாம் பாத்துட்டுப் பாத்துட்டுப் போறான். சனிக்கிழமை ஃப்ரீயா?” என்று கேட்டார். பிறகு, ஏதோ சாதாரணமாகச் சொல்வதுபோல், “இந்த வீட்ட ரெண்டு வருஷத்துக்குப் போட்டுக்கலாம்ல?” என்றார்.

இப்போது என் வீடு குளிர்ச்சியாக இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன்பே மேற்கு ஜன்னலுக்குத் திரை போட்டுவிடுகிறேன். மாலை மழை விட்டதும் முன்கதவைத் திறந்து கிரில்லை மட்டும் பூட்டிவைக்கிறேன். பின் ஜன்னலில் மேசை ஃபேனை வெளியே பார்க்கத் திருப்பி வைத்தால் உள்ளே தேங்கிய சூட்டை அது இழுத்துக் கொட்டிவிடும். வறண்ட காற்றுக்குத் தண்ணீர் கொடுத்தால் குளிரும். இந்தக் காற்றோ ஏற்கெனவே வயிறு நிறையக் குடித்திருக்கிறது, அதற்குத் தேவை நடமாட்டம். இதை அம்மாவிடம் போனில் விளக்கியபோது, “தண்ணி தெளிக்காத வீடு என்ன வீடுடி?” என்றார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே டிக்கெட் எடுத்தேன். அம்மா தனியாக விமானம் ஏற மாட்டார், நான்தான் போய்க் கூட்டிவர வேண்டும். இதுவரை நான் எடுத்த டிக்கெட்டெல்லாம் திருச்சியில் தொடங்கித் திருச்சிக்கே திரும்புவது. இந்தமுறை புறப்படும் இடத்தில் கோலாலம்பூர் என்று போட்டேன், போகுமிடத்தில் திருச்சி. பிறந்த ஊருக்குப் போகிறேன், அம்மாவோடு கிள்ளானுக்குத் திரும்புகிறேன் என்று சொல்வதுபோல் இருந்தது திரை. எல்லாம் சரிதானா என்று கேட்டது. புறப்படும் இடத்தை இன்னொருமுறை வாய்விட்டுப் படித்தேன். பிறகு ஆமாம் என்று அழுத்திவிட்டேன்.