சிஸ்டரின் போனும் பிரசவ அறை ஜன்னலும்

அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். எழுத்து கோணும். ஒன்று சொல்ல வந்து இன்னொன்றுக்குப் போய்விடுவேன். வருஷம், மாசம் கேட்டால் முழிப்பேன். பேசலாம் என்றால் கூச்சம். நாலு பேர் நிற்கிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. அதனால்தான் எழுதுகிறேன், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் எங்கள் நர்ஸ் சிஸ்டரின் அந்த போன் மட்டும் எனக்கு மறக்கவில்லை. கறுப்பு போன். கீழே விழுந்து ஒரு மூலை உடைந்து, காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளை பிளாஸ்திரியைச் சுற்றி ஒட்டியிருக்கும். அழுக்கானால் சிஸ்டர் அதை உரித்துவிட்டுப் புதுசு ஒட்டுவார். "இதுவும் நம்ம பேஷண்டு தான் ஆயாம்மா" என்பார்.

கல்வராயன் மலை மேலே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே நான் ஆயா வேலை பார்த்தேன். கூட்டுவது, கழுவுவது, சுடுதண்ணீர் வைப்பது, துணி அலசுவது. வடக்கனந்தலில் இருந்து விடியக் கிளம்பி மலை பஸ் பிடித்துப் போவேன். சிஸ்டர் கள்ளக்குறிச்சிக்காரர், பாய் வீட்டுப் பெண். அவருடைய அத்தா, அதாவது அப்பா, கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார். தன் பிள்ளைகள் இரண்டையும் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒழுகுகிற குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தார். டாக்டர் வருகிற நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. காய்ச்சல், பாம்புக்கடி, பிரசவம் எது வந்தாலும் முதலில் ஓடுகிறவர் சிஸ்டர்தான்.

அவர் போனில் கேம் ஆடுவார். அதை நான் மறைத்து எழுத மாட்டேன், மறைக்க அதில் ஒன்றும் கிடையாது. சோறு பாதியில் இருக்கும், ஆள் வந்துவிடும். தொழுகைக்குத் துண்டை விரித்திருப்பார், ஆள் வந்துவிடும். அப்படிக் கிடைக்கிற துண்டு துண்டு நேரத்தில் தூங்கவும் முடியாது, வெறுமனே உட்கார்ந்தால் பிள்ளைகள் நினைப்பு வந்து கண் கலங்கும். அந்த நேரத்துக்கு என்று ஓர் ஆட்டத்தை அவர் தேடிப் பிடித்த கதையே தனி. மலையில் டவர் கிடைக்காது, டவர் கேட்கிற ஆட்டம் எல்லாம் முதலிலேயே கழிந்துவிட்டது. கார் ஓட்டுகிற ஆட்டம் ஒன்று இருந்தது. கட்டு போட்டுவிட்டு வருவதற்குள் கார் எங்கேயோ மோதி நொறுங்கிக் கிடக்கும். அப்புறம் தோட்டம் போடுகிற ஆட்டம். சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் விடாவிட்டால் செடி வாடிப்போகும், மணி வேறு அடித்துக் கூப்பிடும். "வூட்ல ரெண்டு புள்ளைங்க என்னப் பாக்காம வாடிக்கினு இருக்குது. இதுல கத்திரிச்செடி வேற வாடுதாம்" என்று சொல்லி அதையும் அழித்தார்.

கடைசியில் நிலைத்தது பழ ஆட்டம். திரை முழுக்கப் பழங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றை விரலால் தள்ளி, ஒரே மாதிரி மூன்றைச் சேர்த்தால் அந்த மூன்றும் மறைந்துபோகும், மேலிருந்து வேறு பழம் விழும். கடிகாரம் ஓடாது. பாதியில் வைத்துவிட்டுப் போனால் காலையில் வைத்தது சாயங்காலம் வரைக்கும் வைத்தபடியே கிடக்கும். சிஸ்டர் அதைப் பற்றிச் சொல்வார்: "வெச்ச எடத்துல நிக்கணும், எங்க போனன்னு கேக்கக் கூடாது, திரும்ப எடுத்தா கோச்சிக்கக் கூடாது. இந்த மலையில என்கிட்ட கோச்சிக்காதது இது ஒண்ணுதான் ஆயாம்மா."

மலைப் பெண்கள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வருவதே அப்போது கம்மி. வந்தாலும் வலி விட்டு விட்டு வருகிற நேரத்தில், இது இப்போதைக்கு ஆகாது என்று சொல்லி எழுந்து நடந்துவிடுவார்கள். ஒரு தரம் அப்படி ஒரு பெண் எழுந்து பாவாடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள். சிஸ்டர் பின்னாலேயே போய், திட்டாமல், போனை அவள் கையில் கொடுத்தார். "வலி இல்லாதப்ப ஆடு. வலி வந்தா கீழ வெச்சிட்டு என் கையப் புடி. போனதும் எடு. அது அங்கியே நிக்கும், எங்கியும் ஓடாது." அந்தப் பெண் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். வலிக்கும் வலிக்கும் நடுவே பழம் தள்ளிக்கொண்டே இருந்தாள். ஆண் குழந்தை பிறந்தது. போகும்போது, "ஆரஞ்சு மட்டும் சேரவே மாட்டங்குது சிஸ்டரு" என்று குறைப்பட்டுக்கொண்டு போனாள்.

அதிலிருந்து அது எங்கள் ஆஸ்பத்திரியின் வழக்கம் ஆகிவிட்டது. வயிற்றில் கை வைத்துப் பார்ப்பது, குழந்தைத் துடிப்பைக் கேட்பது, நேரம் எழுதுவது எல்லாம் முறைப்படி நடக்கும். அதோடு இதுவும் நடக்கும். முதலில் ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் ஏழெட்டு வரிசை சேர்ப்பார்கள். பிறகு மூன்று, பிறகு ஒன்று. "ஆட்டம் சுருங்குது, சுடுதண்ணி வைங்க" என்பார் சிஸ்டர். போனைத் தள்ளிவிட்டு எடுக்காமல் கிடந்தார்கள் என்றால் நான் துணியோடு உள்ளே போய் நிற்பேன். ஒரு ஊரில் ஒருத்தி சொல்ல, அடுத்த ஊரில் இன்னொருத்தி கேட்டு, பெண்கள் வர ஆரம்பித்தார்கள். பழத்துக்காக வந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கத்தினால் அதட்டாத ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்து வந்தார்கள்.

இனி எழுதப்போவது அந்த ஜன்னல் கதை. 

அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணி இருக்கும். உள்ளே ஒரு பெண், தலைச்சன் பிரசவம். புருஷன் மிளகு பறிக்கக் கேரளா போயிருந்தான். வெளியே பெஞ்சில் சங்கராபுரம் பக்கத்து ஆள் ஒருவன், கடுக்காய் ஏற்ற வந்த வண்டியோடு வந்தவன். கையில் கம்பி கிழித்திருந்தது. காயத்தைக் கழுவிக் கட்டாயிற்று, ஊசி மட்டும் பாக்கி. "இன்னா சிஸ்டர், எவ்ளோ நேரம் ஒக்காந்துக்கினு இருக்கறது? வண்டி நிக்குது" என்று சத்தம் போட்டான். "உள்ள பிரசவம்ணே. செத்த இருங்க, வந்துடறன்" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் உள்ளே போனார். அவன் முனகிக்கொண்டே எழுந்து பின்பக்கம் போனான். பீடி பிடிக்கப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு நான் தண்ணீர்ப் பானையைத் தூக்கினேன்.

உள்ளே அந்தப் பெண் ஆடிக்கொண்டிருந்தாள். திரையில் கடைசி வரிசை, ஒரே ஒரு பழம் தள்ள வேண்டும். அந்த நேரம் பார்த்து வலி வந்துவிட்டது. போனை சிஸ்டர் கையில் திணித்து, "நீ தள்ளு சிஸ்டரு, ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி" என்றாள். வலியிலும் சொன்னாள். சிஸ்டர் இடது கையால் அவள் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே வலது கைக் கட்டைவிரலால் அந்தப் பழத்தைத் தள்ளினார். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள். நான் சுடுதண்ணீரோடு வாசலில் நின்று என் கண்ணால் பார்த்தது இது. பின்பக்க ஜன்னலில் போனோடு ஒரு கை இருந்ததை நான் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அந்த ஆள் ஊசி போட்டுக்கொள்ளாமலே போய்விட்டான். சாயங்காலத்துக்குள் மலைக்குக் கீழே எல்லார் போனிலும் அந்தப் படம் வந்துவிட்டது. பிரசவ வேதனையில் பெண் துடிக்க, கேம் ஆடும் நர்ஸ் என்று மேலே எழுதியிருந்தது. ஜன்னல் கட்டை மறைத்ததால் சிஸ்டரின் இடது கை அதில் தெரியாது. அந்தப் பெண்ணின் முகம் தெரியும். முகம் மட்டுமா தெரியும். அதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

வீட்டுக்கு வந்தால் என் மகன் போனை நீட்டுகிறான். "இன்னாம்மா, இது உங்க ஆஸ்பத்திரி தான?"

"மூடுடா அத."

"ஊரே பாத்துக்கினு இருக்குது, நான் பாத்தா இன்னா?"

"உன் பொண்டாட்டி இப்டிக் கெடந்து, எவனோ ஜன்னல்ல பூந்து எடுத்திருந்தா அப்பவும் ஊரு பாக்குதுன்னு ஒக்காந்து பாப்பியாடா?"

"நர்ஸு பண்ணதத்தாம்மா பாக்கறன்" என்றான். நான் பெற்ற பிள்ளை. அவனே அப்படிச் சொன்னால் டீக்கடையில் நிற்கிறவனை என்னவென்று சொல்வது. பஸ் ஸ்டாண்டிலும் அதே பேச்சு. நர்ஸுகளுக்குத் திமிர் ஜாஸ்தி ஆகிவிட்டது என்றார்கள். சிஸ்டர் இன்ன மதம் என்பதையும் இழுத்துப் பேசினார்கள். அந்த அத்தா சில நாள் பாத்திரக்கடையைத் திறக்கவில்லை. இத்தனை பேர் பேசினார்களே, பிரசவ அறை ஜன்னலில் உனக்கு என்னடா வேலை என்று அவனை ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கேட்டிருக்கக் கூடாதா?

விசாரணைக்கு ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். அவர் உள்ளே கேள்வி கேட்டுக்கொண்டிருக்க, வெளியே ஜீப் டிரைவர் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு தன் போனில் கார் ஆட்டம் ஆடினான். டுர் டுர் என்று அந்தச் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அதிகாரி சிஸ்டரைக் கேட்டார்: "பணி நேரத்துல விளையாடினீங்களா இல்லையா?"

"ஆடனன் சார். ஆனா அந்தப் பொண்ணு..."

"ஆமாவா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"ஆமா சார்."

நான் குறுக்கே புகுந்து சொன்னேன். "சார், அந்த ஆளு ஜன்னல் வழியா எடுத்தான் சார். அந்தப் பொண்ணுதான் சிஸ்டரத் தள்ளச் சொன்னா." என் குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் வந்தது, அவர் காதில் விழுந்தது. "ஆயாவ யாரு கேட்டா? போயி வேலையப் பாரும்மா" என்றார். அந்தப் பெண்ணை அவர் கூப்பிட்டுக் கேட்கவே இல்லை. அவள் ஊர் அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

சிஸ்டரைத் திருக்கோவிலூர் பக்கம் மாற்றிவிட்டார்கள். செல்போன் பயன்படுத்தக் கூடாது என்று பிரசவ அறைச் சுவரில், உள்பக்கம், ஒரு போர்டு மாட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே எதுவும் மாட்டவில்லை. கதவும் போடவில்லை. என் பழைய சீலையை இரண்டாகக் கிழித்து நான்தான் ஆணி அடித்துக் கட்டினேன். புதிதாக வந்த நர்ஸ் நல்ல பெண்தான், ஆனால் பயந்துபோன பெண். போனைப் பூட்டி வைத்துவிடுவாள். பிரசவத்துக்கு வந்தவள் கத்தினால், "சத்தம் போடாத, யாராச்சும் எடுத்துடப் போறாங்க" என்பாள். பழையபடி பெண்கள் பாவாடையை இறுக்கிக்கொண்டு எழுந்து நடக்க ஆரம்பித்தார்கள். பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

படத்தில் இருந்த அந்தப் பெண் மறுபடி கர்ப்பமானாள். மாசம் ஏறியும் ஊசிக்குக்கூட அவள் வராததால் நானே அவள் வீட்டுக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசினாள், வெளியே வரவில்லை.

"நான்தான் கண்ணு, ஆஸ்பத்திரி ஆயா. வந்து ஒரு தபா காட்டிட்டுப் போ."

"ஜன்னலு அங்கியேதான் இருக்குதா ஆயா?"

"சீலை கட்டியிருக்கறன் கண்ணு."

"சீலையத் தள்ள எவ்ளோ நேரம் ஆவும்?" என்று கேட்டாள். பிறகு, "அந்த சிஸ்டரு திரும்பி வந்தா சொல்லு, வரன்" என்றாள்.

சிஸ்டர் வரவில்லை. வர விடவில்லை. அந்தப் பெண்ணுக்கு வீட்டிலேயே வலி எடுத்து, ரத்தம் நிற்காமல், டோலி கட்டித் தூக்கி வந்து, வண்டி பிடித்துக் கள்ளக்குறிச்சி கொண்டுபோனார்கள். அவள் பிழைத்தாள். குழந்தை வழியிலேயே போய்விட்டது. அதற்கு எந்த ஜீப்பும் வரவில்லை. யார் போனிலும் அது வரவில்லை.

இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், பஸ் ஏறினாலும், குனிந்த தலையாகத்தான் இருக்கிறது. வரிசையில் நிற்கிறவன், சீட்டுக் கொடுக்கிறவன், வாசலில் காவல் இருக்கிறவன் எல்லார் விரலும் பழம் தள்ளுகிறது. தள்ளட்டும், நான் தப்பு சொல்லவில்லை. இவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு சிஸ்டரைக் காறித் துப்பினார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எனக்குத் தெரிந்ததை எழுதிவிட்டேன். நேரம், மாசம், யார் முதலில் என்ன சொன்னார்கள் என்பதில் பிசகு இருக்கலாம். படித்தவர்கள் யாராவது இதைச் சரிபார்த்துத் திருத்திக் கொடுங்கள். சிஸ்டர் இருக்கிறார், அவரைக் கேளுங்கள். என் மகனைக் கேளுங்கள். அந்தப் பெண் சம்மதித்தால், கதவுக்கு இந்தப் பக்கமே நின்று அவளையும் கேளுங்கள். ஆனால் அந்தப் படம் இன்னும் யார் போனிலாவது கிடந்தால், சரிபார்க்கிறேன் என்று சொல்லி அதைத் திறக்காதீர்கள். அவள் அதற்குள் இருக்கிறாள்.