பதினைந்து ‘இல்லை’

அந்த மாதமும் அவளுக்குப் பதினைந்து ‘இல்லை’ தேவைப்பட்டது. பதினான்கு கிடைத்துவிட்டது. மிச்சம் ஒன்று, நாளைக் காலை பத்து மணிக்குள்.

சட்டை தைக்கும் ஃபேக்டரியில் பதினோரு வருஷம் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவள். பக்கத் தையல் மட்டும்தான் அவள் வேலை. அவள் கையைத் தாண்டிப் போன சட்டை, குறை என்று திரும்பி வந்ததில்லை. தெருவில் அவளுக்கு ஓவர்லாக் அக்கா என்றே பேர். நாடு நொடித்தபோது, அதற்குக் கடன் கொடுத்தவர்கள் வேலைச் சட்டத்திலும் கை வைத்தார்கள். மூன்று மாத நோட்டீஸ் மூன்று நாளாகச் சுருங்கியது. நான்காம் நாள் ஃபேக்டரியில் பூட்டுத் தொங்கியது.

வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகையோடு ஒரு சிவப்புப் புத்தகமும் கொடுத்தது. மாதம் பதினைந்து இடத்தில் வேலை கேட்டு, ‘காலியிடம் இல்லை’ என்று எழுதி சீல் வாங்கி வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் தொகை நிற்கும். தொகை நின்றால் அரை வயிறு கால் வயிறு என்று ஓட்டிவிடலாம். கூடவே மருந்து அட்டையும் போகும். அதைத்தான் தாங்க முடியாது. அவள் புருஷன் சாயப்பட்டறை ஆவியில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். மூச்சு பம்பு இல்லாமல் அவரால் மாடிப்படி ஏற முடியாது. அட்டைக்கு அது இலவசம். வெளியில் வாங்கினால் பாதி மாத வாடகை.

முதல் இரண்டு மாதம் நிஜமாகவே வேலை கேட்டாள். ஊரில் எந்த மிஷினும் ஓடவில்லை. அப்புறம் சீல் கேட்கப் பழகினாள். ஹார்டுவேர் கடைக்காரர் தலை நிமிராமலே குத்துவார். சலூன்காரர் மட்டும் விடமாட்டார்.

“ஷேவிங் பண்ணத் தெரியுமா?”

“தெரியாது.”

“தெரிஞ்சாலும் இல்லை” என்று சிரித்தபடி குத்துவார்.

கடைசி சீலுக்கு எப்போதும் ஜெராக்ஸ் கடைதான். அன்று கடைக்காரர் வழக்கம்போல ஸ்டூலை இழுத்துப் போட்டார். புத்தகத்தை வாங்கி, குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

“என்ன தம்பி, கதையா எழுதறீங்க?”

“நல்ல சேதிதான்க்கா. காலையில ஆறுலேருந்து எட்டு வரைக்கும் வாங்க. கடையைக் கூட்டித் துடைச்சு, பேப்பர் கட்டைப் பிரிச்சு அடுக்கினாப் போதும். எட்டு மாசமா உங்களுக்கு இல்லை இல்லைன்னே எழுதறேன். வீட்டுக்குப் போனா சோறு இறங்க மாட்டேங்குது.”

“சீல் குத்திட்டீங்களா?”

“ஜம்முனு குத்தியாச்சு.”

அவள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். பொடி எழுத்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வேலை கிடைத்தாலும், புத்தகம் வைத்திருப்பவர் வேலையில் இருப்பவராகவே கணக்கு. தொகையும் அட்டையும் ரத்து. வந்த வேலையை வேண்டாமென்றால் ஒரு வருஷம் எதுவும் கிடையாது.

“ஐயையோ. அடிச்சுட்டு மாத்தி எழுதித் தரேங்க்கா.”

“அடிச்சா செல்லாது. பக்கத்துக்குப் பக்கம் நம்பர் இருக்கு, கிழிக்கவும் முடியாது.”

“அப்ப முழு நாள் வேலையா...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். “இந்த ரெண்டு மணி நேரத்தையே எம் பொண்டாட்டிகிட்டச் சண்டை போட்டுத்தான் வாங்கினேன்.”

அவளுக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. ஏறி இறங்கிய கடைகளில், உட்காரச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் உதவித்தொகை ஆபீஸில் கவுண்டரில் இருந்த அம்மாள் அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் மலர்ந்தார். “வாழ்த்துகள்ம்மா! எங்க கவுண்டர்ல இந்த மாசம் நீங்க ஏழாவது ஆள்.”

“தினம் ரெண்டு மணி நேரம்தான் மேடம்.”

“ஒரு மணி நேரமே போதும்மா. வேலையில்லாதவங்க குறைஞ்சுட்டாங்கன்னு மேல சந்தோஷமா இருக்காங்க.”

“வீட்டுக்காரர் மருந்து?”

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். “வாரத்துக்கு இருபது மணி நேரம் இருந்தா, வேலை குடுத்தவர் பாத்துக்கணும். ஞாயிறு போக உங்களுக்குப் பன்னெண்டுதான் வருது.” அப்புறம், அட்டையை பஞ்சிங் மிஷினில் வைத்து அழுத்தினார். நடுவில் ஓட்டை விழுந்தது.

“வேலை கிடைச்சிருக்கு” என்றாள் வீட்டில் புருஷனிடம்.

“அதுக்கு ஏன் மூஞ்சிய எழவு வீடு மாதிரி வெச்சிருக்க?” என்று சிரிக்க ஆரம்பித்தவர், விஷயத்தைக் கேட்டு அடங்கினார். இன்னும் எத்தனை தடவை அழுத்தலாம் என்று பம்பின் முதுகில் இருந்த சின்ன ஜன்னலில் எண்ணைப் பார்த்தார். “இன்னும் அறுபத்திரெண்டு இருக்கே.”

“ஒரு நாளைக்கு நாலு தடவை அடிக்கணும்.”

“ரெண்டு போதும்.”

“பத்தாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல?”

“அவருக்கென்ன, மூச்சு அவரோடதா?”

விடிந்தும் விடியாமலும் அவள் கிளம்பினாள். தலையணையைச் சுவரில் சாத்தி அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பம்பு கையில் இருந்தது, வாய்க்குப் போகவில்லை. “கெளம்பு, கெளம்பு” என்று கையை ஆட்டினார். அவள் கதவைச் சாத்திவிட்டு, பம்பை அழுத்தும் சத்தம் கேட்குமா என்று படியில் நின்றாள். விசில் மாதிரி மூச்சு மட்டும் கேட்டது. ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு இறங்கினாள்.